திருநாதர்குன்றுக் கல்வெட்டில் ‘நோற்ற’ என்னும் வினை

செஞ்சிக்கு வடக்கே, சிறுகடம்பூரை ஒட்டித் திருநாதர்குன்று அமைந்துள்ளது. 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசைகளாகச் செதுக்கப்பெற்ற பாறையும், கி.பி. 6ஆம் நூற்றாண்டினதாகப் பொதுவாகக் கொள்ளப்பெறும் வட்டெழுத்துக் கல்வெட்டும் இங்கு உள்ளன. 57 அனசனம் நோற்ற சந்திரநந்தி ஆசிரிகரின் நிசீதிகை என்பதே அக்கல்வெட்டுச் செய்தி. (‘நாள்’ என்பது நாம் வருவித்துக்கொள்வது.) ஐகார உயிரெழுத்தின் தொன்மையான வடிவம் இதில் காணப்படுவதால் எழுத்தியலார் இதனைப் பெரிதும் பேசினர். இதிலுள்ள ஒரே வினைச்சொல் பற்றியதே இக்கட்டுரை.

‘உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்தவர்’ எனச் சந்திரநந்தியைக் குறிப்பது வழக்கம். ஆனால் ‘நோற்ற’ என்பதில் உயிர்நீத்தலும் இல்லை, உண்ணாமையும் இல்லை. ‘நோல்’ என்னும் பகுதி இறந்தகால இடைநிலையோடு புணர்ந்து ‘நோற்ற’ எனப் பெயரெச்சமாகிறது. இதன் அடிப்படைப் பொருள் பொறுத்தல். குறளின் 160ஆம் பாடல் இதற்கு நற்சான்று: பசி பொறுப்பாரையும் பிறர் கூறும் கடுஞ்சொல் பொறுப்பாரையும் வள்ளுவர் ஒரே வினையாற் சுட்டுகிறார்; முன்னவர்க்கு மட்டும் உண்ணாமையைத் தனிச்சொல்லால் உணர்த்துகிறார். கல்வெட்டில் அவ்விடத்தை ‘அனசனம்’ என்னும் வடசொல் நிரப்புகிறது. அன் எதிர்மறை, அசனம் உண்டல். வினையே உண்ணாமையைக் குறித்திருப்பின் இச்செயப்படுபொருள் வேண்டப்பட்டிராது. ‘நோன்பு நோற்றல்’ என்னும் வழக்கை மறுப்பாகக் காட்டலாம். அங்கும் நோன்பு, பொறுத்தற்குரிய விரதமே.

‘நோ’ என்னும் வருத்தப்பொருள் வேரோடு ‘நோலை’ இணைப்பது கவர்ச்சியானதே. எனினும் இறுதி லகரத்தை விளக்காமல் அதனை ஏற்றல் அரிது. நோன்பு, நோன்மை, நோன்றல் ஆகியவற்றின் னகர வடிவம் கன்னட ‘நோன்’ என்பதோடு ஒத்துள்ளமையே உறுதியான உறவு.

அவ்வுறவு சிரவணபெளகொளவில் பயன்தருகிறது. அங்குள்ள 7ஆம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டுகள் ‘நோன்து’ என்பதோடு நில்லாமல் ‘முடிப்பிதர்’ என்னும் முற்றையும் சேர்க்கின்றன: நோற்று, முடித்தனர். இறப்பு இரண்டாம் வினையில் உள்ளது. செஞ்சிக் கல்வெட்டில் அவ்விரண்டாம் வினை இல்லை. இறப்பை நாம் அறிவது ‘நிசீதிகை’ என்னும் நினைவிடப் பெயரால் மட்டுமே. அதே குன்றில், காலத்தாற் பிந்திய இளையபடாரர் கல்வெட்டும் 30 நாள் அனசனத்தை ‘நோற்ற’ என்றே கூறி நிசீதிகையில் முடிகிறது. இருவரும் எவ்வாறு மாய்ந்தனர் என்பதைப் பொறித்தோர் எழுதவில்லை. எத்தனை நாள் பொறுத்தனர் என்பதையே எண்ணி எழுதினர்.