மாடிக் கட்டடத்துக் குரல்

லண்டன் மாநகரின் கிழக்கே 'போ' என்றொரு பேட்டை இருக்கிறது. நகரசபை கட்டிக் கொடுத்த அடுக்கு மாடிகளில் ஏழை ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழும் இடம். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் அந்த மாடிகளின் உச்சியில் விடலைப் பையன்கள் லைசென்ஸ் இல்லாமல் ஏரியல் நட்டுத் திருட்டு ரேடியோ நடத்தினார்கள். நிமிஷத்துக்குச் சுமார் 140 தட்டு. அதன்மேல் மூச்சு விடாமல் பொழியும் பேச்சு. இதைச் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ள என் காது இன்னமும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவன் அந்தப் பேச்சின் கூர்மையை அலட்சியம் செய்ய முடியாது.

இதற்குக் 'கிரைம்' என்று பெயர். தமிழில் எழுதும்போது, குற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் ஒன்றாகிவிடுகின்றன. இந்தச் சொல்லுக்கு அர்த்தம் அழுக்கு, கரி என்பது. லண்டன் போலீசார் மட்டும் இரண்டுக்கும் அதிக வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை. 2005-இல் அவர்கள் '696' என்று ஒரு பாரம் கொண்டுவந்தார்கள். கச்சேரி வைக்கிறவர் முன்கூட்டியே அதைப் பூர்த்தி செய்ய வேண்டும். கேட்க வருகிறவர்கள் எந்த இனத்தார் என்றுகூட ஆரம்பத்தில் அதில் ஒரு கேள்வி இருந்தது! 2017 நவம்பரில்தான் அந்தப் பாரம் ஒழிந்தது.

அதே வருஷம் ஸ்டார்ம்ஸியின் வருஷமும் ஆயிற்று. 1993-இல் பிறந்தவர்; இயற்பெயர் மைக்கேல். தெற்கு லண்டனில், கிராய்டன் பக்கத்தில், கானா தேசத்துத் தாய் வளர்த்த பிள்ளை. 2015-இல் ஒரு பூங்காவில் சிநேகிதர்கள் சூழ நின்று அவர் பாடிய படம் நாடெங்கும் பரவியது. 2017-இல் வெளிவந்த அவருடைய முதல் ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கிரைம் ஆல்பம் ஒன்றுக்கு அந்த ஸ்தானம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

அந்த ஜூன் 14-ஆம் தேதி, மேற்கு லண்டனில் கிரென்பெல் என்ற 24 மாடிக் கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அழகுக்கும் குளிர்த் தடுப்புக்குமாகப் புறச்சுவரில் போர்த்தியிருந்த தகடுகளின் வழியே நெருப்பு மேலே ஏறிற்று. 72 பேர் மாண்டார்கள். உதவிநிதிக்காகப் பல பாடகர்கள் சேர்ந்து வெளியிட்ட பாட்டை ஸ்டார்ம்ஸியின் குரல்தான் தொடங்கி வைத்தது.

துக்கப் பாட்டோடு அவர் நிற்கவில்லை. 2018 பிப்ரவரியில் பிரிட் விருது விழா. சிறந்த ஆல்பத்துக்கான பரிசு அவருக்குத்தான். மேடையில் செயற்கை மழை கொட்டுகிறது. அதில் நனைந்தபடியே, பிரதம மந்திரி தெரெசா மேயைப் பெயர் சொல்லி, எரிந்த வீட்டுக்காரர்களுக்கான பணம் என்ன ஆயிற்று என்று கேட்டார். தேசமே டெலிவிஷனில் பார்த்துக்கொண்டிருந்தது. பரிசு வாங்கப் போன இடத்தில் கணக்குக் கேட்க எத்தனை கலைஞர்களுக்கு நெஞ்சுரம் உண்டு? மறுநாள் பிரதமர் அலுவலகம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

தீவிபத்து விசாரணைக்கு ஒரு நீதிபதி மட்டும் போதாது, அவரோடு வேறு சிலரும் உட்கார வேண்டும் என்று உயிர் தப்பியவர்களும் இறந்தவர்களின் உறவினர்களும் மன்றாடி வந்தார்கள். பிரதமர் முன்னமே மறுத்துவிட்டார். அவர்களுடைய மனுவில் கையெழுத்திடும்படி ஸ்டார்ம்ஸி தம் ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார். கையெழுத்து லட்சத்தைத் தாண்டியது. மே மாதம், பார்லிமெண்டில் விவாதம் வருவதற்குச் சில நாள் முன்பு, இன்னும் இருவரைச் சேர்க்கப் பிரதமர் சம்மதித்தார். பெருமை முழுவதையும் பாடகருக்கே கொடுத்தால், மாதக்கணக்கில் அலைந்த அந்தக் குடும்பங்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். அவர்களுடைய குரலை அவர் உரக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதுவே சின்னக் காரியமல்ல.

அதே 2018-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேரும் கறுப்பின மாணவர் இருவருக்குச் சம்பளமும் சாப்பாட்டுச் செலவும் தாமே ஏற்பதாக அறிவித்தார். புலவன் புரவலனைத் தேடிப் போனது பழைய கதை. இங்கே பாடகனே புரவலன். 2025-இல் அந்தச் சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது.

கிரென்பெல் விசாரணையின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பரில் வந்தது. அந்த 72 சாவுகளும் தவிர்த்திருக்கக்கூடியவை என்று நீதிபதி கூறினார்.