பாவை விளக்கும் வெள்ளித் திரையும்

தமிழில் பேசும்படம் தோன்றி நான்காண்டு நிறைவதற்குள்ளாகவே, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ நாடக மேடை வழியாகத் திரையேறிவிட்டது. புராணக் கதைகளே படமாகிவந்த 1935-ல் அது ஒரு துணிகரமான காரியந்தான். நாவலைப் படமாக்கும் வழக்கம் அவ்வாறு தொடங்கிற்று. ஆயினும், படம் பார்த்துத் திரும்பிய வாசகர்கள் ‘கதையைக் கெடுத்துவிட்டார்களே’ என்று மனம் நொந்து பேசும் நிலை முழு உருவம் பெற்றது, வாரப் பத்திரிகைகளின் தொடர்கதைகள் குடும்பங்களை ஆட்சி செய்யத் தொடங்கிய பிறகேயாகும்.

அக்காலத்து வாசகர் ஒரு தொடர்கதையைப் படித்த விதத்தை இன்று சற்று விரிவாகவே சொல்லவேண்டும். வாரந்தோறும் இதழ் வந்ததும் வீட்டில் யார் முதலில் படிப்பது என்ற போட்டி நிகழும். எல்லோரும் படித்து முடித்தபின், அந்த அத்தியாயத்தின் பக்கங்களை மட்டும் கத்தரித்தெடுத்து, வரிசை பிசகாமல் அடுக்கிவைப்பார்கள். கதை முற்றுப்பெற்றதும் அக்கட்டு பைண்டுக் கடைக்குப் போய், முதுகில் காலிகோ துணி ஒட்டிய தடித்த அட்டையோடு திரும்பிவரும். ஓரத்தில் தைலத்துக்கும் சோப்புக்கும் பாதி வெட்டுண்ட விளம்பரங்கள், நடுநடுவே ஓவியர் தீட்டிய கதாபாத்திரங்கள், ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் ‘தொடரும்’ என்னும் சொல் ஆகிய யாவற்றோடும் அப்புத்தகம் பல வீடுகளுக்கு இரவலாகப் போய்வரும். ஓராண்டுக்கு மேலாகக் கதாநாயகியின் சுகதுக்கங்களில் பங்குகொண்டு, ஒரு வாரத்துக்கும் மறுவாரத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் தானே கதையை மனத்துக்குள் வளர்த்துக்கொண்ட வாசகன், அக்கதையில் தனக்கும் ஒரு பாத்தியதை உண்டென்று கருதியது நியாயமேயன்றி வேறில்லை.

கல்கியின் ‘தியாக பூமி’க்குக் கதையைக் கெடுத்த பழி நேரவில்லை. 1939-ல் கே. சுப்ரமணியம் அதைப் படமாக்கியபோது, ஆனந்த விகடனில் வெளிவந்த தொடருக்குச் சித்திரங்களாகப் படத்தின் புகைப்படங்களே அச்சிடப்பெற்றன. சம்பு சாஸ்திரி என்றால் பாபநாசம் சிவன், சாவித்திரி என்றால் எஸ்.டி. சுப்புலட்சுமி என்று, படிக்கும்போதே முகங்கள் வாசகர் உள்ளத்தில் பதிந்துவிட்டன. கதையும் படமும் உடன்பிறந்தவையாதலால், ஒன்று மற்றொன்றுக்குத் துரோகம் செய்ததாக எவரும் குறை கூற இடமிருக்கவில்லை.

அகிலனின் ‘பாவை விளக்கு’க்கு வாய்த்த விதி வேறு. ரயில்வே அஞ்சல் துறையில் பல ஆண்டுகள் ஊழியம் பார்த்த அவர், கல்கி பத்திரிகையில் எழுதிய அந்நாவலில் தணிகாசலம் என்ற எழுத்தாளனையும், அவன் வாழ்வில் வெவ்வேறு பருவங்களில் ஒளியேற்றும் தேவகி, செங்கமலம், கௌரி, உமா என்னும் நான்கு பெண்களையும் படைத்தார். அவர்களுள் உமாவே வாசகரை, சிறப்பாக வாசகியரை, ஆட்கொண்டவள். ஏனெனில் அவளும் ஒரு வாசகி. எழுத்தைப் படித்து, எழுதியவனிடம் மனத்தைப் பறிகொடுத்த அவளுடைய காதல், பார்வையிலும் ஸ்பரிசத்திலும் பிறந்ததன்று, அச்சடித்த தாளில் பிறந்தது. மனைவியாகிய கௌரியின் அமைதியான பெருந்தன்மைக்கும் உமாவின் தாபத்துக்கும் நடுவே அந்த எழுத்தாளனுடைய அந்தரங்கம் படும் பாடுதான் நாவலின் உயிர். அதில் நிகழ்ச்சிகள் குறைவு, நினைவுகளே அதிகம்.

1960-ல் கே. சோமுவின் டைரக்ஷனில், ஏ.பி. நாகராஜனின் வசனத்தோடு வெளிவந்த படம் அக்கறையில்லாமல் எடுக்கப்பட்டதென்று நான் சொல்லமாட்டேன். சிவாஜி கணேசன் முதலியோர் நடிகர்களாகவே தோன்றி அகிலனின் நாவலைக் கையில் எடுப்பதிலிருந்து படத்தைத் தொடங்கியதே, மூலத்தின்மீது அவர்கள் கொண்டிருந்த மரியாதைக்குச் சான்று. சௌகார் ஜானகி, பண்டரிபாய், எம்.என். ராஜம், குமாரி கமலா ஆகிய நால்வரும் தேர்ந்த கலைஞர்கள். கே.வி. மகாதேவனின் இசையில் அமைந்த பாடல்களை இன்றும் வானொலியில் கேட்கிறோம். ஆயினும் என்ன? மனத்துக்குள் நிகழ்வதைக் காட்ட வேண்டிய ஒவ்வோர் இடத்திலும் படம் வெளியே ஓடிப்போகிறது: ஓரிடத்தில் குற்றாலத்து அருவிக்கு, வேறோரிடத்தில் ஆக்ராவின் தாஜ்மகாலுக்கு. பளிங்கு மாளிகையின் முன் காதலர் பாடும் காட்சி கண்ணுக்கு விருந்துதான்; ஆனால் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடாமலே விழித்திருந்த பெண்ணின் நெஞ்சம் அந்தக் காட்சியில் எங்கேயும் அகப்படவில்லை. நால்வருக்கும் மூன்று மணி நேரத்தைப் பங்கிட்டதில், ஒருத்தியோடு நாம் பழகத் தொடங்கும்போதே மற்றொருத்தி வந்துவிடுகிறாள். வாரக்கணக்கில் கனிந்த காதல் திரையில் அவசரமாகிவிட்டது. உமாவைத் தம்முள் ஒருத்தியாகக் கண்டிருந்த வாசகியர்க்கு இது எத்தகைய ஏமாற்றம் என்பதை, பைண்டுப் புத்தகத்தை மார்போடணைத்துப் படித்தவர்களே அறிவார்கள்.

இதே நாகராஜன் 1963-ல் அகிலனின் ‘வாழ்வு எங்கே’யை ‘குலமகள் ராதை’ என்று பெயர் மாற்றிப் படமாக்கினார். பிறகு 1968-ல், கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்னும் புனைபெயரில் விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பா’ளை எடுத்துக்கொண்டார். ஓவியர் கோபுலுவின் கோடுகளில் நாகஸ்வரக் கலைஞன் சண்முகசுந்தரத்தையும் ஆடற்கலைஞி மோகனாவையும் வாரவாரம் கண்டு பழகியவர்கள் அதன் வாசகர்கள். கதையோ மிக நீண்டது. அதில் பெரும்பகுதியை நாகராஜன் வெட்டித் தள்ளத்தான் செய்தார். எனினும் வாசகர் அவரை மன்னித்தது மட்டுமன்றிக் கொண்டாடவும் செய்தனர். அந்தக் காதல் நாகஸ்வரத்துக்கும் சதங்கைக்கும் இடையே நிகழும் காதல். காதாலும் கண்ணாலும் அனுபவிக்கவேண்டியது. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதம் பின்னால் ஒலிக்க, கன்னம் உப்பிக் கழுத்து நரம்பு புடைத்துச் சீவாளியில் உதடு பதித்து நிற்கும் சிவாஜியையும், அந்த நாதத்துக்குத் தன் பாதத்தால் மறுமொழி சொல்லும் பத்மினியையும் காட்டியபோது, அச்சிட்ட பக்கத்தால் கொடுக்க முடியாத ஒன்றைத் திரை கொடுத்தது. எட்டாண்டுகளுக்கு முன் தணிகாசலத்தின் பேனாவுக்கு அத்தகைய நாதம் ஒன்றை நாகராஜனால் கண்டுபிடிக்க இயலவில்லை, சோமுவாலும் இயலவில்லை.