பதிவேட்டில் இல்லாத பட்டாளத்தார்

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையால் பெயர்பெற்ற ஒடுகத்தூர், சவ்வாது மலையின் அடிவாரத்தில் உத்திரகாவேரி ஆற்றை ஒட்டி அமைந்த ஊர். பீஞ்சமந்தை முதலான மலைச் சிற்றூர்களுக்குச் செல்வோர் இவ்வூர் வழியாகவே மலையேறுவர். மலையும் ஆறும் சந்தையும் அறியப்பட்ட அளவுக்கு, இவ்வட்டாரம் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் கொடுத்த கதை அறியப்படவில்லை. வேலூர் மாவட்டத்தில் படைக்குப் பிள்ளையை அனுப்பாத சிற்றூரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்மவான்பேட்டையை மக்கள் ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கின்றனர்.

இத்தகைய வீடுகளில் பரண்மீது ஒரு தகரப்பெட்டி இருக்கும். அதன் மூடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய எண்ணும் பெயரும் மங்கிக் கிடக்கும். உள்ளே டிஸ்சார்ஜ் புத்தகம், பழுத்துப்போன நிழற்படம், சில நாடாத்துண்டுகள். பெட்டிக்குரியவர் 80 வயதைக் கடந்திருப்பார். 1965-ஆம் ஆண்டுப் போரையோ 1971-ஆம் ஆண்டுப் போரையோ பற்றிக் கேட்டால் ஊர்ப் பெயர்களைக்கூடத் தவறாமல் சொல்வார். பதக்கம் எங்கே என்று கேட்டால் மட்டும், “அது வரவேயில்லை” என்பார்.

ஏன் வரவில்லை? போர் முடிந்த மறுநாளே பதக்கம் பிறப்பதில்லை. 1965-ஆம் ஆண்டுப் போருக்குரிய சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும் 1967-இல்தான் ஏற்படுத்தப்பட்டன. 1971-ஆம் ஆண்டுப் போருக்குரிய பூர்வி ஸ்டார், பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் ஆகியவை 1973-இல் வந்தன. அதற்குள் படைப்பிரிவுகள் இடம்மாறியிருக்கும். பலர் வீடு திரும்பியிருப்பர். பதக்கத்துக்கான உரிமையைப் படைப்பிரிவு ‘பார்ட் டூ ஆர்டர்’ எனப்படும் ஆணையில் வெளியிட வேண்டும். அதைப் பதிவு அலுவலகம் வீரரின் பணி ஏட்டில் ஏற்ற வேண்டும். பின்னர் கல்கத்தா நாணயச்சாலையில் வார்க்கப்பட்ட பதக்கம் அவர் கைக்கு வர வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் போதும். பணியில் இருந்த வீரர்களே பதக்கம் வந்து சேராமல் கடையில் நகல் வாங்கி அணிந்த செய்திகளை நாம் நாளேடுகளில் படித்திருக்கிறோம். அவ்வாறிருக்க, ஊரில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தவரை யார் நினைப்பார்?

காலதாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதனினும் கொடியது ஒன்றுண்டு. 15 ஆண்டுப் பணியை நிறைவு செய்யாத சிப்பாய்க்குப் பணி ஓய்வூதியம் இல்லை. ஓய்வூதியம் இல்லாதவரின் பணி ஏட்டை 25 ஆண்டுகள் கழிந்தபின் அழித்துவிடலாம் என்பது படை விதி. 1963-இல் சேர்ந்து, இரண்டு போர்களையும் கண்டு, 1973-இல் திரும்பிய ஒருவரை எண்ணிப் பாருங்கள். 1998-க்குப் பின் அவருடைய ஏட்டுக்குப் பாதுகாப்பு இல்லை. ‘லாங் ரோல்’ என்னும் நீள் பட்டியலில் அவரைப் பற்றிய சில வரிகளே எஞ்சும். மனிதர் உயிரோடிருக்கிறார், அவருடைய வரலாறோ சட்டப்படி எரிக்கப்பட்டுவிட்டது. எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்ந்ததன்று இது. காகிதம் இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான்.

காகிதத்துக்குமுன் நம் முன்னோர் கல்லை நம்பினர். சவ்வாது மலையின் தென்மேற்கே செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அக்கற்களில் மன்னனின் ஆட்சியாண்டு, வீரன் யாருடைய சேவகன், எந்தத் தொறு மீட்கையில் பட்டான் என்பவை வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. நாள், பிரிவு, பெயர், செயல் என இன்றைய பதிவு அலுவலகம் கேட்கும் அனைத்தும் அங்குண்டு! எடுத்தனூர்க் கல்லோ இன்னும் ஒரு படி மேல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த நடுகல், வீரனோடு நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் காத்து வைத்திருக்கிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் நிலைத்திருக்கும் மண்ணில், நம் பாட்டனார் எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்பது நமக்குத் தெரியவில்லை.

பெயரை அழிப்பது தண்டனையாகவும் இருந்ததுண்டு. 1806-ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். கிளர்ச்சியில் தொடர்புடைய மூன்று சென்னைப் பட்டாளங்களும் அதன்பின் கலைக்கப்பட்டன. பின்னாளில் குற்றமே செய்யாத பிரிவுகளும் கலைக்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப்பின் சிக்கனம் கருதிச் சென்னைக் காலாட்படை 1920-களில் கரைந்தது. சென்னைப் பயனியர் படை 1933-இல் மறைந்தது. சென்னை ரெஜிமெண்ட் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான் மீண்டும் உயிர்பெற்றது. வேலூர் மணிக்கூண்டுக் கல்வெட்டு, இங்கிருந்து 277 பேர் முதல் உலகப்போருக்குச் சென்றனர் என்றும் அவர்களில் 14 பேர் உயிர்நீத்தனர் என்றும் கூறுகிறது. எண் இருக்கிறது, பெயர்கள் இல்லை. அந்தப் பதினால்வர் எத்தெருவினர், எம்மதத்தினர்? நாள்தோறும் அக்கூண்டின் கீழ் காய்கறி வாங்கிச் செல்லும் நாம் நிமிர்ந்து பார்ப்பதுமில்லை.

இந்த இழப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1940 செப்டம்பரில் இலண்டன்மீது விழுந்த குண்டுகள், முதல் உலகப்போரில் பணியாற்றிய பிரித்தானிய வீரர்களின் ஏடுகளில் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் பற்றிய தீயில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட படை ஏடுகள் அழிந்தன. ஆயினும் அமெரிக்கர் ‘எரிந்துபோயிற்று’ என்று கைவிரித்து நின்றுவிடவில்லை. படைப்பிரிவுகளின் அன்றாட அறிக்கைகளையும் சம்பளப் பட்டியல்களையும் கொண்டு ஒவ்வொருவரின் பணியையும் மீட்டெழுதும் வேலை அங்கு நடந்து வருகிறது. படைப்பிரிவின் ஏடுகள் ஏன் காக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை. தனி மனிதனின் ஏடு அழிந்தாலும், கூட்டத்தின் ஏடு அவனுக்காகச் சாட்சி சொல்லும்.

நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. முதல் உலகப்போருக்குச் சென்ற பஞ்சாப் வீரர்கள் 3,20,000 பேரின் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தின் நிலவறையில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கிடந்து, பின்னர் படியெடுக்கப்பட்டு 2021-இல் மக்களின் பார்வைக்கு வரத் தொடங்கின. அவை ஊர் ஊராகத் தொகுக்கப்பட்டவை என்பதால் பேரர்கள் தம் ஊரைத் தேடிப் பாட்டனாரைக் கண்டனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், போர் நாட்குறிப்புகளை முறையாகத் தொகுத்து, பொதுவாக 25 ஆண்டுகளில் வெளிப்படுத்தும் கொள்கையை நம் பாதுகாப்பு அமைச்சகமும் அறிவித்தது.

பதிவேட்டின் அருமையைத் திருச்சபைக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. திரெந்து பொதுச்சங்கம் 1563-இல் பங்குதோறும் திருமண ஏடு வைக்கப் பணித்தது. இன்றும் ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே ஏட்டில்தான் திருமுழுக்குப் பதிவு. அந்த ஏடு படைவீரருக்கும் உதவும் என்பதைப் பலர் அறியார். வீட்டில் ஒரு பெயர், திருமுழுக்கில் ஒரு பெயர், ஆள்சேர்ப்பு எழுத்தர் ஆங்கிலத்தில் கேட்டெழுதிய பெயர் ஒன்று என மூன்று பெயர்களோடு வாழ்ந்தவர்கள் நம் பெரியவர்கள். ‘இவரே அவர்’ என்று மெய்ப்பிக்கத் தந்தை பெயரும் பிறந்த நாளும் தேவைப்படும்போது பங்கின் ஏடு துணை நிற்கும். கணவரின் பெயரால் உதவி கேட்கும் கைம்பெண்ணுக்குத் திருமண ஏடு சாட்சியாகும்.

விவிலியத்திலும் படைப்பட்டியல்கள் உண்டு. எண்ணிக்கை நூல் அவ்வாறே தொடங்குகிறது. சாமுவேல் இரண்டாம் நூல் தாவீதின் வீரர்களைப் பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, இறுதியில் இத்தியர் உரியாவை நிறுத்துகிறது. அவரைக் கொல்வித்தவர் அந்த அரசரே. வேண்டாத பெயர்தான், ஆயினும் எவரும் அதை நீக்கத் துணியவில்லை. மத்தேயு எழுதிய ஆண்டவரின் தலைமுறை அட்டவணையிலும் அப்பெயர் வந்து நிற்கிறது.

ஆகவே, பரணிலிருந்து பெட்டியை இறக்குவோம். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பக்கங்களைப் படியெடுத்து, எண், பதவி, பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக்கொள்வோம். அதைக் கொண்டு வேலூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக உரிய பதிவு அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். சென்னை ரெஜிமெண்ட் எனில் வெலிங்டன். சென்னைப் பொறியாளர் படை எனில் பெங்களூர். ஏடு அழிந்தது என்று பதில் வந்தால், நம் கையிலுள்ள புத்தகமே மூல ஆவணமாகிவிடும். படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் இருவர் ஒவ்வொரு பங்கிலும் ஒரு ஞாயிறு மாலையை இதற்கு ஒதுக்கினால் போதும்.

இன்னொன்று. முதல் உலகப்போர்ப் பதக்கத்தில் வெள்ளியாலானது ஒன்றுண்டு; படையோடு சென்ற ஏவலர்க்கும் கூலியாள்களுக்கும் அதையே வெண்கலத்தில் தந்தனர். வெள்ளி என்பதாலேயே அப்பதக்கம் அடகுக்கடைக்குச் சென்று உருகிப்போவதுண்டு. அதன் விளிம்பில் மிகச் சிறிய எழுத்தில் எண்ணும் பதவியும் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டிருக்கும். விற்கத்தான் வேண்டுமென்றால், முதலில் விளிம்பைத் துடைத்து அந்த எழுத்துகளைப் படித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.