கிழக்கு போர்ட்டர்வில் குடிநீர் இணைப்புத் திட்டம்

கிழக்கு போர்ட்டர்வில் குடிநீர் இணைப்புத் திட்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், துலாரே கவுண்டியில் அமைந்துள்ள கிழக்கு போர்ட்டர்வில் என்னும் குடியிருப்பின் வீடுகளை, அதனை ஒட்டியுள்ள போர்ட்டர்வில் நகரின் குடிநீர்க் குழாய்களுடன் இணைத்த திட்டமாகும். 2012 முதல் 2016 வரை நீடித்த கடும் வறட்சியில் இங்குள்ள வீட்டுக் கிணறுகள் வற்றியதைத் தொடர்ந்து, கவுண்டி, நகராட்சி, மாநில அரசு ஆகியவை இணைந்து இத்திட்டத்தைச் செயற்படுத்தின. முதல் வீட்டிற்கு 2016 ஆகஸ்ட் மாதம் நீர் வழங்கப்பட்டது. 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணிகள் நிறைவுற்றபோது 750க்கும் மேற்பட்ட வீடுகள் இணைக்கப்பட்டிருந்தன.

அமைவிடமும் மக்களும்

கிழக்கு போர்ட்டர்வில், சான் வாகீன் பள்ளத்தாக்கின் கிழக்கு ஓரத்தில், சியேரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தை ஒட்டித் துலே ஆற்றின் அருகே உள்ளது. 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 6,767 பேர் வாழ்ந்தனர். இவர்களில் பெரும்பான்மையோர் இலத்தீன அமெரிக்க வழியினர். பலர் சுற்றுவட்டாரப் பழத்தோட்டங்களிலும் பொதிகட்டும் கூடங்களிலும் பணிபுரிவோர்.

ஆட்சி எல்லைச் சிக்கல்

கலிபோர்னியாவில் நகராட்சி எல்லைக்குள் அடங்காத பகுதிகளைக் கவுண்டி நேரடியாக நிர்வகிக்கின்றது. கவுண்டி என்பது மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவாகும். போர்ட்டர்வில் 1902ஆம் ஆண்டில் நகராட்சியானது. கிழக்கு போர்ட்டர்வில் அந்நகராட்சியின் எல்லைக்கு வெளியிலேயே இருந்து வந்துள்ளது. இதனால் நகரவாசிகள் பொதுக் குழாயிலிருந்து நீர் பெற்றுவந்த காலத்தில், எல்லைக்கு வெளியே இருந்தோரில் மிகப் பலர் தத்தம் வீட்டுக் கிணற்றையே நம்பியிருந்தனர். சில தெருக்களில் நகரின் குழாய் வீட்டு வாசலை ஒட்டியே சென்றபோதிலும், அவ்வீடுகளுக்கு இணைப்பு இருக்கவில்லை.

நகராட்சி தன் எல்லைக்கு வெளியே சேவை வழங்க விரும்பினால், கவுண்டிதோறும் இயங்கும் உள்ளாட்சி எல்லை ஆணைக்குழுவின் ஒப்புதலைப் பெறவேண்டும். பொதுவாக, பின்னாளில் நகருடன் சேர்க்கப்படவுள்ள பகுதிக்கும், பொது நலவாழ்விற்கு ஆபத்து நேர்ந்த பகுதிக்கும் இவ்வொப்புதல் அளிக்கப்படும். ஆகவே கிழக்கு போர்ட்டர்வில்லுக்கு நீர் கொண்டுவருவது எந்த ஓர் அரசும் தனித்துச் செய்யக்கூடியதாக இருக்கவில்லை. குடியிருப்பு கவுண்டியின் பொறுப்பில் இருந்தது. குழாய்கள் நகராட்சியிடம் இருந்தன. தேவையான நிதியை அளிக்கும் வலிமை மாநில அரசிடம் இருந்தது.

கிணறுகள் வற்றுதல்

இங்குள்ள வீட்டுக் கிணறுகள் பலவும் ஆழம் குறைந்தவை. ஆற்றுப்படுகையில் ஊறும் நீரே அவற்றின் ஆதாரமாகும். ஆற்றில் நீர்வரத்துக் குறைந்து, நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்தபோது, 2014ஆம் ஆண்டில் நூற்றுக்கணக்கான கிணறுகள் வற்றின. நீர் எஞ்சியிருந்த சில கிணறுகளில் நைத்திரேட்டு மாசு காணப்பட்டது. ஆழமான புதிய கிணறு தோண்டுவதற்கான செலவு பெரும்பாலான குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்தது.

வீட்டில் நீர் இல்லை என்பதை வெளியில் சொல்வதற்கே சிலர் அஞ்சினர். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படலாம் என்றும், பிள்ளைகளை அரசு தம்மிடமிருந்து பிரித்துவிடலாம் என்றும் எழுந்த அச்சம் இதற்குக் காரணமாகக் கூறப்படுகின்றது. இதனால் பாதிப்பின் முழு அளவு அரசுக்குத் தெரியவருவதற்குக் காலம் பிடித்தது.

இடைக்கால உதவிகள்

நிரந்தரத் தீர்வு கிட்டும்வரை பின்வரும் உதவிகள் வழங்கப்பட்டன:

• வீடுகளுக்குப் புட்டிக் குடிநீர் விநியோகம்.
• குடிப்பதற்கல்லாத பிற தேவைகளுக்கான நீரைப் பிடித்துச் செல்ல, தீயணைப்பு நிலையத்தின் அருகே பொதுத் தொட்டி.
• தேவாலயம் ஒன்றின் வாகன நிறுத்துமிடத்தில் நடமாடும் குளியலறைகள்.
• வீட்டு முற்றத்தில் சுமார் 9,500 லீட்டர் (2,500 கலன்) கொள்ளளவுள்ள தொட்டி. இது பாரவுந்து மூலம் நிரப்பப்பட்டது.

முற்றத்துத் தொட்டிகளை நிறுவும் பணியில் விசாலியா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட செல்ஃப் ஹெல்ப் என்டர்பிரைசஸ் என்ற தொண்டு நிறுவனம் முக்கிய பங்காற்றியது. தொட்டி நீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டுமே உரியதாகையால், புட்டி நீரும் தொடர்ந்து தேவைப்பட்டது. இவ்வேற்பாடு செலவு மிக்கதாகவும் முடிவற்றதாகவும் இருந்தமை, குழாய் இணைப்பின் தேவையை உணர்த்தியது.

இணைப்புத் திட்டம்

போர்ட்டர்வில் நகரமும் நிலத்தடி நீரையே நம்பியிருந்தது. வறட்சியால் அந்நகரமும் நீர்ச் சிக்கனத்தைக் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது. எனவே புதிய வீடுகளைச் சேர்ப்பதற்கு முன் நகரின் நீர்வழங்கு திறனைக் கூட்டவேண்டியிருந்தது. இதற்கான கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் மாநில அரசு நிதியளித்தது. மாநில நீர்வளத் துறை, மாநில நீர்வளக் கட்டுப்பாட்டு வாரியம், ஆளுநரின் அவசரகாலச் சேவை அலுவலகம் ஆகியவை இதில் பங்கேற்றன.

பணிகள் இரண்டு கட்டங்களாக நடைபெற்றன. முதற்கட்டத்தில், ஏற்கனவே நகரக் குழாய் செல்லும் தெருக்களிலிருந்த வீடுகள் இணைக்கப்பட்டன. இரண்டாம் கட்டத்தில் குழாய் இல்லாத தெருக்களில் புதிய குழாய்கள் பதிக்கப்பட்டன. 2017 ஏப்ரலில் மாநிலத்தின் பெரும்பகுதியில் வறட்சி அவசரநிலை நீக்கப்பட்டபோது, துலாரே உள்ளிட்ட நான்கு கவுண்டிகளில் குடிநீர்ப் பணிகளுக்காக அது நீட்டிக்கப்பட்டது.

இணைப்புக்கான செலவை வீட்டுக்காரர் ஏற்கவேண்டியிருக்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு நில உரிமையாளரும் நகராட்சியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அப்பகுதி நகருடன் சேர்க்கப்படுவதற்கு இசைதல் அதன் ஒரு நிபந்தனையாகும். மாதக் கட்டணம் குறித்த கவலை, நகர விதிமுறைகளுக்கு உட்பட விரும்பாமை ஆகியவற்றால் சிலர் சேரவில்லை. வாடகைக்குக் குடியிருந்தோர் தாமே கையெழுத்திட இயலாமையால், வேறிடத்தில் வாழ்ந்த உரிமையாளரின் முடிவை எதிர்பார்த்திருக்க நேர்ந்தது.

அண்டைப் பகுதிகளுடன் ஒப்பீடு

இத்தகைய சிக்கல் துலாரே கவுண்டியின் வேறு குடியிருப்புகளிலும் இருந்துள்ளது. துலாரே நகரை ஒட்டிய மத்தேனி டிராக்டில் ஆர்சனிக் கலந்த நீர் வழங்கப்பட்டு வந்தது. நகருடன் இணைக்கும் உடன்பாடு தாமதமானதால், 2015ஆம் ஆண்டின் சட்டம் அளித்த அதிகாரத்தின்கீழ் மாநில வாரியம் கட்டாய இணைப்புக்கு உத்தரவிட்டது. 2016இல் அங்கு நகர நீர் வந்தது. எக்சிட்டர் நகருக்கு அருகிலுள்ள டூல்வில் பல ஆண்டுகளாக இணைப்புக் கோரியும், 2019இல் எக்சிட்டர் நகரமன்றம் இசையவில்லை; பின்னர் மாநில வாரியம் தலையிட்டது. கிழக்கு போர்ட்டர்வில்லில் கட்டாய உத்தரவின்றி உடன்பாட்டின் வழியாகவே இணைப்பு நிறைவேறியது.

தொடர்புடைய சட்டங்கள்

• 2011: நகராட்சிகளும் கவுண்டிகளும் தம் திட்டங்களில் எல்லைக்கு வெளியே உள்ள வறிய குடியிருப்புகளின் சேவைக் குறைபாடுகளை ஆராயவேண்டும் என்ற சட்டம்.
• 2012: தூய குடிநீர் மனித உரிமை என்பதை மாநிலக் கொள்கையாக ஏற்ற சட்டம்.
• 2014: நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டம்.
• 2019: பாதுகாப்பான குடிநீருக்கென 2030 வரை ஆண்டுக்கு 13 கோடி டாலர் வரை ஒதுக்கும் நிதியத்தை நிறுவிய சட்டம்.

இவற்றையும் பார்க்க

• துலே ஆறு
• சான் வாகீன் பள்ளத்தாக்கு
• நிலத்தடி நீர்