விளையாட்டும் வினையும்

"விளையாட்டு வினையாயிற்று" என்று நம் வீடுகளில் சலித்துக்கொள்வது வழக்கம். வினை நல்வினையாகவும் இருக்கலாம் என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன்.

அமெச்சூர் ரேடியோக்காரர்கள் என்று ஒரு கூட்டம் உலகெங்கும் உண்டு. 'ஹாம்' என்பது அவர்களுடைய செல்லப் பெயர். சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்கி, வீட்டிலேயே கருவி வைத்துக்கொண்டு, முன்பின் பார்த்திராத மனிதர்களோடு ஆகாய மார்க்கமாகப் பேசுகிறவர்கள். காசுக்காக அல்ல, ஆசைக்காக. 1914-ம் வருஷம் அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரத்து ஹைரம் பெர்ஸி மாக்ஸிம் இவர்களைச் சேர்த்து ஒரு சங்கம் கண்டார். 'அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக்' என்று அதற்குப் பெயர். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிமின் புதல்வர் இவர். உடலையும் உயிரையும் பிரிக்கும் கருவி செய்தார் தகப்பனார். மனிதரையும் மனிதரையும் சேர்க்கும் காரியம் செய்தார் பிள்ளை. கதையில் நான் இப்படி எழுதினால் நம்பமாட்டீர்கள்!

சங்கத்தாருக்கு ஒரு கவலை. வீட்டில் மின்சாரம் இருக்கும்வரைதான் இந்தப் பேச்செல்லாம். புயலோ வெள்ளமோ வந்து கம்பங்கள் சாய்ந்துவிட்டால்? அந்த நாளுக்கு ஒத்திகை வேண்டாமா? 1933 ஜூனில் 'பீல்டு டே' பிறந்தது.

இன்றும் ஜூன் மாதக் கடைசியில் அது நடக்கிறது. வெட்டவெளியில் கூடாரம் அடிப்பார்கள். மரக்கிளைமேல் கயிறு எறிந்து ஏரியல் கம்பியை இழுத்துக் கட்டுவார்கள். பாட்டரியோ ஜெனரேட்டரோ துணை. இராமுழுதும் கண்விழித்து, எத்தனை நிலையங்களைக் கூப்பிட்டுப் பிடிக்கிறோம் என்று போட்டி. பரிசுப் பணம் கிடையாது. மதிப்பெண் கணக்குதான் எனக்கு மிகவும் பிடித்தது. இப்போதைய விதிப்படி, பாட்டரியைக்கொண்டு 5 வாட்டுக்குள் பேசினால் ஐந்து மடங்கு மார்க். ராத்திரியில் எரியவிடும் சின்ன விளக்குக்குப் போதுமான சக்தி அது. வலுத்தவனுக்கே சலுகை காட்டும் உலகத்தில், இளைத்த குரலுக்கு மதிப்புக் கூட்டும் ஆட்டம்!

1936 மார்ச்சில் அமெரிக்காவின் வடகிழக்கே பெருவெள்ளம். தந்தியும் டெலிபோனும் அறுந்த ஊர்களிலிருந்து செய்தி அனுப்பியவர்கள் இந்த விளையாட்டுக்காரர்கள்தாம்.

நம் நாட்டிலும் இதுபோல் நடந்ததுண்டு. 2004 டிசம்பரில், உலகத்து ஹாம்களோடு பேசி மகிழ்வதற்கென்றே ஓர் இந்தியக் கோஷ்டி அந்தமானில் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன கருவிகளின் வழியாகவே தீவுகளின் சேதி கரைக்கு வந்தது. 'பிழைத்திருக்கிறான்' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருந்த வீடுகளில், யாரும் அதை விளையாட்டு என்று நினைத்திருக்கமாட்டார்கள்.