726 உட்கருக்கள்: ஜான் கர்டனின் சான்றும் ஒரு சிறு விழுக்காடும்

தலைப்பிரட்டையின் குடல் செல்களிலிருந்து எடுத்த 726 உட்கருக்களை, சொந்த உட்கரு அழிக்கப்பட்ட தவளை முட்டைகளில் ஒவ்வொன்றாகச் செலுத்தினார் ஜான் கர்டன். அவற்றில் ஏறத்தாழ 1.5 விழுக்காடு மட்டுமே இரை தின்னும் தலைப்பிரட்டைகளாயின. 1962-ல் வெளியான இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, செல்கள் வேறுபடும்போது மரபணுக்களை இழப்பதில்லை என்று அவர் வாதிட்டார். இவ்வளவு சிறிய எண் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்குமா? தாங்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஆனால் அந்த எண் இன்னொரு கேள்விக்கும் விடை கேட்டு நின்றது. கர்டனின் பிற்கால ஆய்வில் பெரும்பகுதி அதற்கே செலவாயிற்று.

கேள்வி பழையது. ஒரே கருமுட்டையிலிருந்து வந்த தோல் செல்லும் நரம்பு செல்லும் எப்படி வேறுபடுகின்றன? செல்கள் பிரியப் பிரிய மரபுக் கூறுகளும் பங்கு பிரிந்துபோகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகஸ்ட் வைஸ்மான் கருதினார். 1952-ல் அமெரிக்காவில் ராபர்ட் பிரிக்ஸும் தாமஸ் கிங்கும் சிறுத்தைத் தவளையில் உட்கரு மாற்றத்தைச் செய்துகாட்டினர். இளங்கருவின் உட்கரு நன்றாக வேலை செய்தது. வளர்ந்த கருவின் உட்கருவோ பெரும்பாலும் தோற்றது. வைஸ்மான் சொன்னது சரியோ என்று அப்போது எண்ண இடமிருந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் மைக்கேல் ஃபிஷ்பெர்க்கிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்த கர்டனுக்குக் கிடைத்தது வேறு தவளை: ஆப்பிரிக்காவின் ஜெனோபஸ். பருவத்துக்குக் காத்திராமல், ஹார்மோன் ஊசி போட்டால் எந்த மாதத்திலும் முட்டையிடும். இதனால்தான் அது முன்பு கர்ப்பப் பரிசோதனைக்கும் பயன்பட்டது. முட்டையைச் சுற்றிய கெட்டியான கூழ் உறை மட்டும் ஊசியை உள்ளே விடவில்லை. புற ஊதாக் கதிர் இரண்டு வேலையையும் ஒருசேர முடித்தது: உறை இளகியது, முட்டையின் சொந்தக் குரோமோசோம்களும் செயலிழந்தன.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஃபிஷ்பெர்க்கின் ஆய்வகத்தில் தற்செயலாகக் கண்ணில் பட்ட ஒரு திரிபு. இயல்பான ஜெனோபஸ் செல்லின் உட்கருவுக்குள் நியூக்ளியோலஸ் எனப்படும் சிறு உருண்டைகள் பெரும்பாலும் இரண்டு தெரியும். இந்தத் திரிபு கொண்ட தவளைகளில் ஒன்றுதான். அவற்றின் குடல் செல்லிலிருந்து உட்கருவை எடுத்தால், பிறக்கும் தலைப்பிரட்டையின் செல்களிலும் ஒன்றே இருக்க வேண்டும். இரண்டு தெரிந்தால் முட்டையின் பழைய உட்கரு அழியாமல் தப்பிவிட்டது என்று பொருள். ஐயப்படுபவர் நுண்நோக்கியில் தாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். (கர்டனின் விஞ்ஞானியாகும் எண்ணம் நகைப்புக்குரியது என்று ஈட்டன் பள்ளி ஆசிரியர் 1949-ல் எழுதிய அறிக்கையை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். இந்த நியூக்ளியோலஸைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆய்வின் உயிர்நாடி இதுவே.)

இந்த அடையாளம் இருந்ததால்தான் விழுக்காட்டின் சிறுமை பொருட்டல்லாமல் போனது. 'மரபணுக்கள் இழக்கப்படுகின்றன' என்பது பொதுவிதி என்றால், ஐயத்துக்கிடமற்ற சில விலக்குகளே அதைக் கவிழ்க்கப் போதும். முதல் முயற்சியில் குறைபட்ட கருக்களிலிருந்து உட்கருவை எடுத்து மறுபடி மாற்றியதையும் சேர்த்தபோது, குறைந்தது 7 விழுக்காட்டுக் குடல் உட்கருக்கள் முழுத் தகுதி உடையவை என்று கர்டன் கணக்கிட்டார். 1966-ல் குடல் உட்கருவிலிருந்து வந்த தவளைகள் வளர்ந்து இனப்பெருக்கமும் செய்தன.

மறுப்புகளும் எளியவை அல்ல. அந்தக் குடலில் முதிராத செல்கள் கலந்திருக்கலாமே? 1975-ல் கர்டன் குழுவினர் வளர்ந்த தவளையின் கால்சவ்வுத் தோல் செல்களைப் பயன்படுத்தித் தலைப்பிரட்டைகளைப் பெற்றார்கள், அவை தவளைகளாகவில்லை. வளர்ந்த உடலின் செல்லிலிருந்து வளர்ந்த விலங்கு என்ற கடைசிப் படியை, 1996-ல் பிறந்த டாலி என்னும் ஆடுதான் தாண்டியது. ஆகவே 1962-ன் கட்டுரை ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவைத்தது என்பது மிகை.

எஞ்சியது மற்றக் கேள்வி: ஏன் இத்தனை தோல்விகள்? 1971-ல் கர்டனும் உடனுழைத்தோரும் முயலின் ஹீமோகுளோபினுக்குரிய தூது ஆர்.என்.ஏ.வைத் தவளையின் முதிரா முட்டைக்குள் செலுத்த, அது முயலின் புரதத்தைச் செய்தது. ஒரு செல்லுக்குள் அயல் மூலக்கூறையோ உட்கருவையோ இட்டு என்ன நேர்கிறது என்று பார்க்கும் வழி இதனால் விரிந்தது. பிறகு 2005-லும் 2008-லும், இளம் ஆய்வாளர் ஒருவருடன் சேர்ந்து அவர் காட்டியது இது: மாற்றப்பட்ட உட்கரு தன் பழைய தொழிலை முழுதும் மறப்பதில்லை. தசை செல்லில் இயங்கிய மரபணு, பிறந்த கருவில் தசையல்லாத பகுதிகளிலும் இயங்கியது. டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரதமான ஹிஸ்டோனின் எச்3.3 என்ற வகை அந்த நினைவைத் தாங்க உதவுகிறது.

கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்த ஷின்யா யமனாகா, 2006-ல் 24 மரபணுக்களைச் சலித்து நான்கைத் தேர்ந்து, முட்டையின் துணையின்றியே எலியின் செல்களைத் தொடக்க நிலைக்குத் திருப்பினார். அங்கும் திரும்பிய செல்கள் மிகச் சிலவே.