தண்ணி வரலைன்னு செய்தி போட்டால் மாநகராட்சி வழக்கு போட முடியுமா? நக்கீரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன?

திண்டுக்கல் மாநகராட்சியின் 48 வார்டுகளில் ஏதோ ஒரு தெரு. ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணி இருக்கு, குழாயில் மட்டும் வரல. அதை ஒரு தனியார் சேனல் வீடியோ எடுத்து, கவுன்சிலர் பெயரோடு ஒளிபரப்புதுன்னு வச்சுக்குவோம். ‘எங்க பேரு கெட்டுப்போச்சு, நஷ்ட ஈடு கொடு’ என்று மாநகராட்சி கோர்ட்டுக்குப் போக முடியுமா?

முடியாது. இதைத் தெளிவாகச் சொன்னது 1994-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அந்த வழக்கைத் தொடுத்தது ஒரு தமிழ்ப் பத்திரிகை.

வழக்கு என்ன?

கொலை வழக்குகளில் தூக்கு தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிட நக்கீரன் தயாரானது. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருடன் அவருக்கு இருந்த தொடர்பு பற்றி அதில் இருப்பதாக அறிவிப்பு வந்தது. 1994 ஜூனில் சிறைத்துறை ஐஜியிடமிருந்து கடிதம். ‘இது போலி, வெளியிட்டால் நடவடிக்கை’ என்பதுதான் சாரம். ஆசிரியர் ஆர்.ராஜகோபால், அதாவது நக்கீரன் கோபால், உச்ச நீதிமன்றம் போனார்.

அக்டோபர் 7-ல் நீதிபதிகள் ஜீவன் ரெட்டி, சுகாஸ் சென் அமர்வு தீர்ப்பளித்தது. அவதூறு வரும் என்ற பயத்தில் அரசோ அதிகாரிகளோ முன்கூட்டியே தடை போட முடியாது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்களை அவதூறு செய்ததாக நஷ்ட ஈடு கேட்டு வழக்கு போட முடியாது. தனி அதிகாரி, கடமை சார்ந்த விஷயத்தில் வழக்கு போடலாம். ஆனால் செய்தி பொய் என்றால் மட்டும் போதாது. உண்மையைப் பற்றிக் கவலையே இல்லாமல் வெளியிட்டார்கள் என்று அவர்தான் நிரூபிக்கணும். நியாயமான அளவு சரிபார்த்துத்தான் போட்டோம் என்று காட்டினால் பத்திரிகை தப்பும். அமெரிக்காவில் 1964-ல் வந்த நியூயார்க் டைம்ஸ் வழக்கின் தாக்கம் இதில் உண்டு.

பொதுப் பணிக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. கவுன்சிலர் வீட்டுக் குடும்பச் சண்டையைப் போட்டுவிட்டு இந்தத் தீர்ப்பைக் காட்ட முடியாது.

அப்புறம் ஏன் பத்திரிகையாளர்கள் மீது இவ்வளவு கேஸ்?

காரணம், அந்தத் தீர்ப்பு பேசியது நஷ்ட ஈட்டைப் பற்றி. கிரிமினல் அவதூறு தனி. அதை 2016-ல் உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவு. 2 ஆண்டு வரை சிறை. முதல்வர், அமைச்சர்களுக்காக அரசு வழக்கறிஞரே புகார் தாக்கல் செய்யலாம். செலவு அரசுக்கு, அலைச்சல் நிருபருக்கு! ஜெயலலிதா ஆட்சியில் ஊடகங்கள் மீது போட்ட பல வழக்குகளை 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021-ல் தமிழக அரசு 90 வழக்குகளை வாபஸ் வாங்கியது.

சட்டமன்ற உரிமை மீறல் இன்னொரு ஆயுதம். 1987-ல் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு 3 மாத சிறை விதித்தது பேரவை. எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களில் விட்டார்கள். 2003-ல் ‘தி இந்து’ நிர்வாகிகளுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்றது. உச்ச நீதிமன்றம் தடை போட்டது.

சட்டத்துக்கு வெளியேயும் அழுத்தம் உண்டு: அரசு விளம்பரம், கேபிளில் சேனல் எத்தனையாவது எண்ணில் வரும் என்பது வரை. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் சில சேனல்கள் கட்சிக் குடும்பங்களின் கையில்தான் இருக்கு. எதிர்க்கட்சி வார்டில் குழாய் காய்ந்தால் மட்டும் கேமரா போகிற ஆபத்து அங்கே இருந்து வருது.

மொபைலில் எடுத்த வீடியோவுக்கு?

கருத்துச் சுதந்திரம் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவில் எல்லாக் குடிமகனுக்கும் இருக்கு; பத்திரிகைக்கு என்று தனி உரிமை கிடையாது. அதனால் தெருக்குழாயை வீடியோ எடுப்பவரும் தேதி, இடம் குறித்து வைப்பது நல்லது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியிடம் விநியோக விவரம் கேட்டால் 30 நாளில் பதில் தரணும். அந்தப் பதிலும், அதிகாரியிடம் விளக்கம் கேட்டதற்கான பதிவும் கையில் இருந்தால் ‘சரிபார்த்துத்தான் போட்டோம்’ என்று கோர்ட்டில் சொல்ல ஆதாரம் ஆச்சு.